மூங்கிலா, அட்டையா, ஓலையா? பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்வோருக்கு ஓர் ஒப்பீடு

டிசம்பர் பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் ஏறிவிட வேண்டும் என்பது நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பழகிப்போன ஒழுங்கு. ஆகவே நவம்பரிலேயே ஓய்வுநாள் பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் வாலிபர் குழுக்களிலும் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: இந்த வருடம் பிள்ளைகளை வைத்து எந்த நட்சத்திரம் செய்வது? கடையில் வாங்கி ஒட்டி அலங்கரிக்கலாம், சார்ட் அட்டையில் மடிக்கலாம், காகிதப் பட்டையிலோ பனையோலையிலோ முடையலாம், மூங்கில் பத்தையில் கட்டலாம். நாங்கள் மூங்கிலில் நிலைத்துவிட்டோம். அதனால் இந்த ஒப்பீடும் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

கடை நட்சத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரித்தால் ஐந்து நிமிடத்தில் தொங்கும், வெளிச்சமும் நன்றாக இருக்கும். பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் அதுவே சரி. ஆனால் பிள்ளைகளின் கைக்கு அதில் வேலை இல்லை. மேலே ஜிகினாத் தூள் தூவ வைக்கலாம் என்பார்கள். சிறு பிள்ளைகளிடம் ஜிகினாத் தூளைக் கொடுக்காதீர்கள். விரலில் ஒட்டியது கண்ணுக்குப் போகும்.

சார்ட் அட்டை நட்சத்திரம் எட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு நல்ல வேலை. 250 அல்லது 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள அட்டையில் 30 செ.மீ. அளவுக்கு ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்து, முனைகளிலிருந்து நடுப்புள்ளிக்குப் போகும் ஐந்து கோடுகளை மேடாகவும், உள்மூலைகளிலிருந்து நடுவுக்குப் போகும் ஐந்து கோடுகளைப் பள்ளமாகவும் மடித்தால் நடு எழும்பி நிற்கும். இப்படி இரண்டு செய்து முதுகோடு முதுகு ஒட்ட வேண்டும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடுகளின் மேல் அழுத்திக் கீறிக்கொள்வது முக்கியம். கீறாமல் மடித்தால் அட்டை கோட்டைவிட்டு விலகி உடையும், நடுவில் சுருக்கம் விழும். இதன் குறை வெளிச்சம்தான். அட்டை ஒளியை விடாது. ஆணியால் துளை போட்டால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். டிசம்பர்ப் பனியில் இரண்டு இரவு வெளியே இருந்தால் முனைகள் தொங்கிவிடும். ஆகவே வகுப்பறைச் சுவருக்கும் குடிலின் பின்புறத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பட்டைகளைக் கோத்து முடையும் பதினாறு முனை நட்சத்திரம், பத்து வயதுக்கு மேல் கை ஓடுகிற பிள்ளைகளுக்கு. பட்டையின் அகலம் ஒரு பங்கு என்றால் நீளம் முப்பது பங்கு வேண்டும்: 1.5 செ.மீ. அகலத்துக்கு 45 செ.மீ. நீளம். நீளம் குறைந்தால் கடைசி நான்கு முனைகளுக்குப் பட்டை போதாது, பாதியில் நின்றுவிடும். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு பனையோலைக் கைவினைக்குப் பெயர் பெற்ற ஊர். அந்தப் பக்கத்துக் குழுக்கள் ஓலையிலேயே முயலலாம். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் விரியும் என்பதால் அரைமணி நேரமாவது தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் துடைத்துவிட்டு மடிக்க வேண்டும். முதலில் காகிதத்தில் கற்றுக்கொண்டு பிறகு ஓலைக்கு வருவது நல்லது. ஓலையில் எங்கள் கைப்பழக்கம் குறைவு, எனவே இதை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படியும் இது உள்ளங்கை அளவு நட்சத்திரம். மரத்தில் தொங்கவிட அழகு, வாசலுக்குப் போதாது.

இனி மூங்கில்.

மூன்றடி நட்சத்திரம் ஒன்றுக்கு நீளப் பத்தை 10, முட்டுக்குச்சி 5. நீளப் பத்தை ஒவ்வொன்றும் 92 செ.மீ. நீளம், ஒன்றேகால் செ.மீ. அகலம், 4 முதல் 5 மி.மீ. கனம். பிளப்பதும் சீவுவதும் பெரியவர்கள் வேலை. சீவிய பத்தையை உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சிலாம்பு ஏறும். கொடுப்பதற்கு முன் இரண்டு நுனியையும் பிடித்து வில்லாக வளைத்துப் பாருங்கள். பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைய வேண்டும். ஒன்று மெலிந்து இன்னொன்று தடித்திருந்தால் நட்சத்திரம் கட்டி முடித்த பிறகு ஒரு பக்கம் புடைத்து இழுத்துக்கொள்ளும். அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

இருபுறமும் நுனியிலிருந்து 1 செ.மீ. உள்ளே ஒரு கோடு போடுங்கள். இந்த இரண்டு கோட்டுக்கும் இடையே 90 செ.மீ. இருக்கும். முனைகளைக் கட்டுவது இங்கேதான். அந்தக் கோடுகளிலிருந்து 34.4 செ.மீ. தள்ளி இருபுறமும் இன்னொரு கோடு. நடுவில் 21.2 செ.மீ. மிஞ்சும். பத்தைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இவை. வேறு அளவில் செய்வதென்றால் முனைக்கோடுகளுக்கு இடைப்பட்ட நீளத்தை 0.382ஆல் பெருக்குங்கள். 60 செ.மீ. என்றால் 22.9 வரும். பலர் இந்தக் கோட்டைப் போடாமல் கண்மதிப்பில் கட்டுகிறார்கள். நட்சத்திரத்தின் ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாவது அதனால்தான். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இந்த அளவெடுக்கும் வேலையை மிகக் கவனமாகச் செய்வார்கள். தாராளமாக அவர்களிடம் விடலாம்.

ஐந்து பத்தையைத் தரையில் நட்சத்திரமாகப் பரப்பி, ஒன்றுக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டு, முதலில் முனைகளைத் தளர்வாகக் கட்டுங்கள். கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு வெட்டுமிடங்களை இறுக்குங்கள், கடைசியில் முனைகளை இறுக்குங்கள். மேல் கீழ் மாறாமல் அடுக்கினால் ஒரு முனை மட்டும் தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கும். இதே போல இன்னொன்று கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டினால் மொத்தம் 25 கட்டு. பிறகு இரண்டுக்கும் இடையில், ஐந்து வெட்டுமிடங்களிலும் 15 செ.மீ. முட்டுக்குச்சியை நிமிர்த்தி வைத்தால் நட்சத்திரம் விரிந்து நிற்கும். குச்சியின் இரு தலையிலும் சிறு பள்ளம் வெட்டினால்தான் அது வெட்டுமிடத்தில் உட்காரும். ஐந்து குச்சியும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே நீளமாக இருக்கட்டும்.

காகிதத்துக்கு வருவோம். 50க்கு 75 செ.மீ. பட்டம் பேப்பர் என்றால் நான்கு தாள் போதும், கிழிசலுக்கு ஒன்று கூட வையுங்கள். முன்னும் பின்னும் சேர்த்து முனை முக்கோணம் 10: பக்கம் 34.4, அடி 21.2 செ.மீ. பக்கவாட்டு முக்கோணம் 10: பக்கம் 34.4, அடி 15 செ.மீ. நடு ஐங்கோணம் ஒன்று, முன்பக்கத்துக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் சுற்றிலும் 1.5 செ.மீ. ஒட்டுவிளிம்பு விடுங்கள். முக்கோணங்களைத் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கி வெட்டினால் முனை முக்கோணம் தாளுக்கு ஐந்து வரும். பக்கவாட்டு முக்கோணம் ஒரு தாளில் ஏழு, அடுத்த தாளில் மூன்று. அந்தத் தாளின் மீதியிலேயே ஐங்கோணத்தை வெட்டிக்கொள்ளலாம்.

முதலில் பக்கவாட்டு முக்கோணங்களை ஒட்டி, அதன்மேல் முன்பக்கத்தை ஒட்டினால் விளிம்புகள் மறையும். பின்பக்க ஐங்கோணத்தைத் திறந்தே விடுங்கள். பல்பு மாட்டவும் சூடு வெளியேறவும் அதுதான் வழி. 5 அல்லது 7 வாட் எல்.இ.டி. பல்பு போதும். பழைய 40 வாட் குண்டு பல்பைக் காகிதத்துக்குள் போடவே கூடாது. நட்சத்திரத்தின் பாரம் ஒயரில் விழாமல் தனிக் கயிற்றில் தொங்க வேண்டும். ஒயர் இணைப்புகள் நட்சத்திரத்துக்கு வெளியே, மழை படாத இடத்தில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தால், அட்டையில் ஒன்றரை மணி நேரத்தில் முடிவதற்கு மூங்கிலில் மூன்று சனிக்கிழமை ஆகிறதே என்று தோன்றும். உண்மைதான். ஒரு வருடக் கணக்கில் பார்த்தால் அட்டைதான் லாபம். நாங்கள் மூங்கிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஜனவரி 6. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து எல்லாவற்றையும் இறக்கும் அன்றுதான் எந்த நட்சத்திரம் நல்லது என்பது தெரியும். அட்டை அன்றே குப்பைக்குப் போகும். கடை நட்சத்திரம் மடித்து வைத்தால் இரண்டாம் வருடம் மடிப்பில் கிழிந்திருக்கும். மூங்கில் சட்டம் மட்டும் மிஞ்சும், அடுத்த வருடம் காகிதம் மட்டும் மாற்றினால் ஆயிற்று. முதல் வருடம் மூன்று சனிக்கிழமை எடுத்த வேலை, இரண்டாம் வருடம் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

பலர் மூங்கிலைக் கைவிடுவதும் இதே ஜனவரியில்தான். விரிந்து நிற்கிற பத்து நட்சத்திரத்தைப் பதினோரு மாதம் எங்கே வைப்பது? கோயில் உக்கிராண அறையில் இடம் கேட்டு அலைந்து, கடைசியில் ஒடித்து அடுப்புக்குப் போடுகிறார்கள். ஒடிக்க வேண்டியதே இல்லை. ஐந்து முட்டுக்குச்சியையும் உருவிவிட்டால் நட்சத்திரம் தட்டையாகப் படுத்துவிடும். கனம் இரண்டு செ.மீ.தான். பத்து நட்சத்திரத்தை அடுக்கினாலும் ஒரு சாண் உயரம். மொத்தமாகக் கட்டிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடலாம். மாட்டுவதற்குத்தான், தரையில் சாய்த்து வைப்பதற்கல்ல. கரையான் கீழிருந்துதான் ஏறும்.

இப்படிப் படுக்க வேண்டும் என்பதை மனதில் வைத்தே தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டும். முனைகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கினால் பனியில் துருப்பிடித்துக் காகிதத்தில் கறை இறங்கும், அடுத்த வருடம் விரலையும் கிழிக்கும். பசை போட்டு இறுக்கினால் மடங்காது. பருத்தி ட்வைன் நூலே பொருத்தம். நைலான் நூலில் முடிச்சு வழுக்கிக்கொண்டே இருக்கும். முட்டுக்குச்சிகளுக்கும் அவை நிற்கும் இடங்களுக்கும் 1 முதல் 5 வரை எண் போட்டு, குச்சிகளை அந்தந்த நட்சத்திரத்தோடே கட்டி வையுங்கள். குச்சியை உருவாமல் அப்படியே வைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை வரும்: பதினோரு மாதம் வளைந்தே நின்ற பத்தை அந்த வளைவிலேயே நிலைத்துவிடும். பிறகு குச்சியைப் பிடித்து நிறுத்தும் இறுக்கம் அதற்கு இருக்காது. லேசாகக் காற்றடித்தாலும் குச்சி விழும்.

பசை விஷயமும் இதைச் சேர்ந்ததுதான். ஃபெவிகால் உறுதியானது, ஆனால் அடுத்த வருடம் பழைய காகிதத்தைச் சுரண்டவே ஒரு நாள் போகும். மைதாப் பசை என்றால் ஈரத்துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்தால் உரிந்து வரும். ஒரு பங்கு மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் ஆகும்படி சேர்த்து, சிறு தீயில் கண்ணாடி போல வரும்வரை கிண்டுங்கள். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் கூடாது. அன்றன்று காய்ச்சிக்கொண்டால் போதும். பனியில் மைதாப் பசை இளகுமே என்றால், ஒட்டுவிளிம்பைப் பத்தையில் மட்டும் ஒட்டாமல் பத்தையைச் சுற்றிக் கொண்டுவந்து காகிதத்தின் மேலேயே ஒட்டுங்கள். இளகினாலும் நழுவாது. ஒரு வாரம் மழை பெய்தால் இதுவும் நிற்காது, வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் உண்டு. தாழ்வாரம் இல்லாத வாசலுக்குக் கண்ணாடிப் பேப்பர் போடுவதே நல்லது. அது மூங்கிலில் மைதாவுக்குப் பிடிக்காது, செலோடேப்பால்தான் ஒட்ட வேண்டியிருக்கும்.

கழற்றி அடக்கமாக வைத்து அடுத்த வருடமும் எடுக்கலாம் என்கிற இதே யோசனையை, மொராவியர் என்னும் புராட்டஸ்டன்ட் சபையாரின் நட்சத்திரத்திலும் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில் கணிதப் பாடமாகப் பிறந்ததாகச் சொல்லப்படும் அதற்கு 25 முனைகள்: நாற்கர அடியுள்ளவை 17, முக்கோண அடியுள்ளவை 8. அதே நாட்டு ஹெர்ன்ஹூட் ஊரில் இன்றும் செய்து விற்கிறார்கள். முனைகளைத் தனித்தனியாகக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்று செருகி வைக்கலாம். பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள் அதிகமுள்ள குழு அதையும் முயன்று பார்க்கலாம்.

கோபுரத்தில் ஏற்றும் ஆறடி நட்சத்திரத்துக்கு மேலே சொன்ன அளவுகளை இரண்டால் பெருக்கிவிட வேண்டாம். நீளம் இரண்டு மடங்கானால் காற்றுப் பிடிக்கும் பரப்பு நான்கு மடங்காகும். அதற்கு முழு மூங்கிலும் கட்டுமானம் தெரிந்த ஆளும் வேண்டும்.

குழுவில் பாதிப்பேர் எட்டு வயதுக்குக் கீழ் என்றால் இந்த வருடம் அவர்களை அட்டையிலேயே விட்டுவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதினர் அளவெடுக்கவும் கட்டவும், அண்ணன்மாரும் அக்காமாரும் சீவவும் மின்வேலைக்கும் என்று இரண்டு நட்சத்திரம் மட்டும் மூங்கிலில் செய்து பாருங்கள். மூங்கில் கடையில் அக்டோபரிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். புதிதாக வெட்டிய பச்சை மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், வண்டு துளைத்து ஆறு மாதத்தில் மாவாகக் கொட்டும். பிளந்த பத்தைகளை இரண்டு வாரம் தண்ணீரில் மூழ்கப் போட்டு, நிழலில் காயவைத்து எடுத்தால் அந்தச் சத்து பெருமளவு கரைந்துவிடும். இவ்வளவுக்கும் ஒரு மாதம் பிடிக்கும்.