"எஸ்இசியில் பதிவு பண்ணியாச்சு" என்ற ஒரே வார்த்தையை நம்பி 75,000 டாலரை இழந்தோம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் 75,000 டாலர் ஏலத்தில் போய்விட்டது. டெக்சஸில் கடன் கட்டாத சொத்துகளை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைதான் ஏலம் விடுவார்கள். நாங்கள் பணம் போட்டிருந்த அபார்ட்மென்ட் வளாகம் அப்படித்தான் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு வரியில் மின்னஞ்சல் வந்தது. முதலீட்டாளர்களுக்குத் திரும்பி வர எதுவும் மிச்சமில்லை என்று இருந்தது. கீழே ஒரு கையெழுத்துகூட இல்லை.

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே எழுதுவதற்குக் காரணம், எங்களை இதில் இழுத்த அதே வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை புதிதாக ஒரு போஸ்டர் வந்திருக்கிறது. வேறு ஊர், வேறு கட்டிடம், அதே 8 சதவீத வருமானம், எங்களைச் சேர்த்துவிட்ட அதே ஆள். சனிக்கிழமை ஜூம் கூட்டமாம்.

யார், எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்ல மாட்டேன், வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ரகத்தை மட்டும் சொல்கிறேன். நூறு பேரிடம் ஆளுக்கு 50,000, 75,000, ஒரு லட்சம் டாலர் என்று திரட்டி, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, ஒரு பெரிய வாடகைக் குடியிருப்பை வாங்குவார்கள். சிண்டிகேஷன் என்று சொல்வார்கள். டாலஸ் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பொங்கல் விழாவுக்குப் போனாலும் சாப்பாட்டு வரிசையில் ஒருவராவது இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

எங்களை இதில் சேர்த்தவர் அந்தக் கம்பெனிக்காரர் இல்லை, நடுவில் இருந்தவர். நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். 2021 மே மாதம் ஊரில் என் அப்பா கோவிடில் இறந்தார். அந்த வாரம்தான் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வர விசாக்காரர்களுக்குத் தடை போட்டிருந்தார்கள். போனால் எப்போது திரும்ப முடியும் என்று தெரியாது, கைக்குழந்தை வேறு. நான் போகவில்லை. வீடியோவில்தான் எல்லாம் பார்த்தேன். அன்று ராத்திரி அந்த அண்ணாவும் அண்ணியும் ஒரு தூக்கில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விடியும்வரை என் கையை விடவில்லை. அதற்கு முன் அவர்களோடு பெரிய பழக்கம் கிடையாது. அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு அவர்கள் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அதனால் அக்டோபரில் அந்த அண்ணா குழுவில் போட்ட போஸ்டரைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. முந்நூறு பேருக்கு மேல் இருக்கிற தமிழர் குழு அது. நானே போன் பண்ணினேன். "பயமே வேண்டாம்மா. எஸ்இசியில் பதிவு பண்ணியாச்சு. கவர்மென்ட் பார்த்துட்டுத்தான் விடுவான்" என்றார். எஸ்இசி என்றால் அமெரிக்காவில் பங்கு விற்பனையைக் கண்காணிக்கிற அரசு ஆணையம். நான் எழுதுகிற இதில் ஒரு வரிதான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: அவர் சொன்னது முழுப் பொய்.

75,000 டாலர் என்பது அன்றைய கணக்கில் ஏறத்தாழ 55 லட்சம் ரூபாய். அம்மாவைத் தனியாக விட வேண்டாம் என்று திருச்சியில் ஒரு பிளாட் வாங்க ஆறு வருஷமாகச் சேர்த்த பணம் அது. மூன்றே வருஷத்தில் இரட்டிப்பாகும், பிளாட்டை அப்போது பெரிதாக வாங்கலாம் என்று அண்ணாதான் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நவம்பரில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி போனுக்கு லிங்க் வந்தது. குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எண்பது பக்கத்துக்கு மேல். ஒரு பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள். நான் அக்ரடிட்டட் இன்வெஸ்டர், அதாவது சட்டம் சொல்லும் தகுதி உள்ள முதலீட்டாளர் என்று ஒன்றில் டிக் பண்ண வேண்டும். தனி ஆளாக வருஷ வருமானம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல், அல்லது கணவன் மனைவி சேர்ந்து மூன்று லட்சத்துக்கு மேல், அதுவும் முந்தைய இரண்டு வருஷமும் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சொத்து மதிப்பு ஒரு மில்லியனைத் தாண்ட வேண்டும். எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்தே 2,35,000 தான். அப்போதே அண்ணாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

"வீட்டையும் சேர்த்துக்கோம்மா, 401கே இருக்கு, ஊர்ல நிலம் இருக்கு, எல்லாம் சேர்த்தா மில்லியன் வந்துரும். டிக் பண்ணிட்டுப் போ" என்றார். 401கே என்றால் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. நாம் குடியிருக்கும் வீட்டை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று 2010-லேயே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இது அவருக்குத் தெரியாமல் இருக்காது, அவர் செய்கிற தொழிலே அதுதான். அடுத்த கட்டத்தில், இந்த நிறுவனத்தாரை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேள்வி. எனக்கு அவர்களைத் தெரியவே தெரியாது, முகம்கூடப் பார்த்ததில்லை. "என்னைத் தெரியும்ல? ஒரு வருஷம்னு போடு." போட்டேன். அந்த இரண்டு டிக்குகளும் என் விரலால் வைத்தவைதான். அதை நான் மறைக்கவில்லை.

2022 ஜனவரியிலிருந்து மாதம் 500 டாலர் வந்தது. செப்டம்பர் வரை, மொத்தம் 4,500. பிறகு நின்றுவிட்டது. அந்த மாதங்களில் கட்டிடம் செலவுக்கே சம்பாதிக்கவில்லை என்று இப்போது கணக்கு வெளியே வந்திருக்கிறது. எங்கள் பணத்தையே எடுத்து எங்களுக்கு வருமானம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

வட்டி ஏறியது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. அவர்கள் வாங்கியிருந்தது மாறும் வட்டிக் கடன். 2022 மார்ச் வரை கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்த அமெரிக்க மத்திய வங்கி (ஃபெடரல் ரிசர்வ்) வட்டி, 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்துக்குப் போனது. நஷ்டம் வரலாம் என்று தெரிந்தேதான் யாரும் முதலீடு பண்ணுகிறோம். என் ஆத்திரம் நஷ்டத்தின் மேல் இல்லை. பொய் சொல்லி உள்ளே இழுத்ததன் மேலும், அதற்கப்புறம் எங்களை நடத்தின விதத்தின் மேலும்தான்.

முதலில் "போர்ட்டலில் அப்டேட் வரும், பாருங்க" என்றார்கள். போர்ட்டலில் ஆறு மாதம் பழைய கடிதமே இருந்தது. அப்புறம் "மார்க்கெட்டே அப்படித்தான், எல்லாருக்கும் இதே கதை" என்றார்கள். 2023 ஆகஸ்டில் கட்டிடத்தைக் காப்பாற்ற ஆளுக்கு இன்னும் 15,000 டாலர் போடச் சொல்லிக் கடிதம் வந்தது. என் கணவர் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டார். பிறகு நான் எப்போது கேட்டாலும் "உங்களை மாதிரி ஆளுங்க போடாததாலதான் பிரச்சினையே" என்று பதில். வாடகை வசூல் கணக்கு கேட்டு நான்கு முறை எழுதினேன். நான்காவது முறைதான் பதில் வந்தது: நீங்கள் அனுபவமுள்ள, தகுதியான முதலீட்டாளர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், இனி எங்கள் வக்கீலோடு பேசுங்கள்.

அண்ணா? போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. போன மாதம் கோயிலில் நேருக்கு நேர் பார்த்தேன். என்னைக் கண்டதும் செருப்பைக் காலில் போடக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு பார்க்கிங் பக்கம் போய்விட்டார். அண்ணி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா இறந்த ராத்திரி என் கையைப் பிடித்திருந்த அதே அண்ணி. 75,000 டாலரைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கிறது என்றால் நம்புவீர்களா?

கடைசியில் மணிக்கு 450 டாலர் கொடுத்து ஒரு வக்கீலைப் பார்த்தோம். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் பொதுமக்களிடம் பங்கு விற்க வேண்டுமென்றால் எஸ்இசியில் பதிவு செய்ய வேண்டும். 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு 1933-ல் வந்த சட்டம் அது. பதிவு என்றால் கணக்கு வழக்கு, கடன், ஆபத்து, யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் எல்லாவற்றையும் திறந்து வைப்பது. தனிப்பட்ட முறையில் சிலரிடம் மட்டும் விற்றால் அந்தப் பதிவு வேண்டாம் என்று விலக்கு இருக்கிறது. 1982-ல் வந்த ரெகுலேஷன் டி என்ற விதித்தொகுப்பில்தான் இந்த சிண்டிகேஷன் எல்லாம் ஓடுகிறது. அண்ணா "பதிவு" என்று சொன்னது ஃபார்ம் டி என்ற சின்ன அறிவிப்பை. முதல் விற்பனை நடந்து 15 நாளுக்குள் தாக்கல் பண்ண வேண்டிய தாள். நாங்கள் பதிவிலிருந்து விலக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுகிற தாள் அது! அதைத்தான் பதிவு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். எஸ்இசியின் எட்கர் தளத்தில் அதைத் திறந்தால், இதை நாங்கள் பரிசீலித்திருப்போம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சரியானதா முழுமையானதா என்று முடிவும் செய்யவில்லை என்று மேலேயே எழுதியிருக்கிறது. திறந்து பார்க்க இரண்டு நிமிஷம். நான் அன்று பார்க்கவில்லை.

எங்கள் கம்பெனி எடுத்தது 506(பி) என்ற விதி. அதில் பொது விளம்பரமே கூடாது. முந்நூறு பேர் குழுவில் போஸ்டர் போட்டது விளம்பரம் இல்லாமல் வேறென்ன? விளம்பரம் பண்ணலாம் என்று 2013-லிருந்து 506(சி) என்று இன்னொரு விதி இருக்கிறது. ஆனால் அதில் வாங்குகிறவர்கள் எல்லோரும் தகுதி உள்ளவர்களா என்று வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு மாதிரி எதையாவது வைத்து நிஜமாகவே சரிபார்க்க வேண்டும். சரிபார்த்திருந்தால் எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அதனால்தான் கட்டத்தில் டிக் மட்டும் வாங்குகிற வழியை எடுத்திருக்கிறார்கள்.

வக்கீல் சொன்னதில் என்னை உலுக்கினது அடுத்தது. 506(பி)-யில் தகுதி இல்லாதவர்களும் 35 பேர் வரை சேரலாம், விவரம் புரிந்தவர்களாக இருந்தால் போதும். ஆனால் அப்படி ஒரே ஒருவர் இருந்தாலும் அவருக்கு நிதி அறிக்கை உட்பட முழு விவரத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதாவது நான் உண்மையைச் சொல்லியிருந்தால், ஒன்று அவர்கள் என்னைச் சேர்த்திருக்க மாட்டார்கள், இல்லையென்றால் காகிதங்களைக் காட்டியிருக்க வேண்டும். அந்த ஒரு டிக் அவர்களை அந்தக் கடமையிலிருந்து விடுவித்துவிட்டது. இன்று அதே டிக்கைத்தான் என் முகத்துக்கு நேராக நீட்டுகிறார்கள்.

1953-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம், ரால்ஸ்டன் பியூரினா வழக்கு. அந்தக் கம்பெனி தன் ஊழியர்களுக்குப் பதிவில்லாமல் பங்கு விற்றது. வாங்க வந்தவர்களில் குமாஸ்தா, சுருக்கெழுத்தாளர், பேக்கரி மேற்பார்வையாளர் எல்லாம் உண்டு. தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடிந்தவர்களிடம் விற்பதற்குத்தான் இந்த விலக்கு, இவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்று நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராகச் சொன்னது. அன்று அந்தச் சுருக்கெழுத்தாளருக்காக நீதிமன்றம் யோசித்த அளவுக்கு, எங்களுக்காக யோசிக்க எங்கள் வீட்டில் ரசம் சாதம் பரிமாறினவருக்கே மனசு வரவில்லை.

விலக்கே செல்லாது என்று காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்க மத்தியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மீறல் நடந்து ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எங்களுக்கு அது 2022 நவம்பரோடு முடிந்துவிட்டது. அந்த வருஷத்தில் ஒன்பது மாதம் எங்களுக்கு 500 டாலர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. யார் வழக்குப் போடுவார்கள்? மோசடி என்று போகும் வழி இன்னும் இருக்கிறது என்கிறார் வக்கீல். பதிவு விலக்கு இருந்தாலும் பொய் சொல்லி விற்பதற்கு விலக்கு கிடையாது. ஆனால் அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் 75,000-க்கு மேல் இன்னொரு பாதி போய்விடும் போலிருக்கிறது.

இன்னொன்று. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், நிர்வாகிகள் பங்கில் அண்ணாவின் சொந்தக் கம்பெனிக்கு (எல்எல்சி) குறிப்பிட்ட சதவீதம் ஒதுக்கியிருக்கிறது. ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு. பங்கு விற்றுக் கமிஷன் வாங்குகிறவர் புரோக்கராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவான புரோக்கர்களைத் தேடிப் பார்க்கிற புரோக்கர்செக் தளத்தில் தேடினேன், அவர் பெயர் இல்லை. ஃபார்ம் டி-யில் விற்பனைக் கமிஷன் யாருக்கு என்ற இடமும் காலி.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மணி இரண்டாகிவிட்டது. சுருக்கமாக: எட்கரில் கம்பெனி பெயரைப் போட்டு ஃபார்ம் டி-யைத் திறந்து, 506(பி)-யா (சி)-யா என்று பாருங்கள். (பி) என்று இருந்து உங்களுக்கு வாட்ஸ்அப் போஸ்டர் வந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தகுதிக் கட்டத்தில் யார் சொன்னாலும் பொய் டிக் போடாதீர்கள். நடுவில் இருப்பவரிடம் "உங்களுக்கு இதில் எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்கவோ விற்கவோ முடியாது, அதையும் யோசியுங்கள்.

சனிக்கிழமை ஜூம் கூட்டத்துக்குப் போகிறவர்கள் எஸ்இசி பதிவு எண் என்ன என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். 2021-ல் இதே ஆள் மூலம் பணம் போட்டவர்கள் யாராவது இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். டெக்சஸ் மாநிலப் பங்குப் பத்திர வாரியத்துக்கும் எஸ்இசிக்கும் வரும் வியாழக்கிழமை புகார் அனுப்புகிறேன். அந்த அக்டோபர் போஸ்டரின் ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், என்னிடம் இருந்தது பழைய போனோடு போய்விட்டது.