கொல்லிமலை: பைக்கா, வேனா?

நாற்பதைத் தாண்டிய நாலு நண்பர்கள் சென்னையிலிருந்து கிளம்பினால் வேன்தான் வசதி. அரட்டையும் தூக்கமும் வழியிலேயே முடியும். டிரைவர் பேட்டா, டோல் எல்லாவற்றையும் முன்பே பேசிவிடுங்கள்.

பைக்கின் ருசியே வேறு. மலையடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் வினை. பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் டிஸ்க் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, லீவர் பொதபொதவென்று உள்ளே போகும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். க்ளட்சைப் பிடித்தபடி உருளவே கூடாது. கிளம்புமுன் பிரேக் பேடைப் பாருங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முட்டிக்கு பைக்கும் ஒன்றுதான், வேனும் ஒன்றுதான்.

விடிகாலை நாலுக்குப் பெருங்களத்தூரைத் தாண்டிவிடுங்கள். தாமதமாக வரும் நண்பன் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அவனிடம் மூன்றரை என்று சொல்லுங்கள்.