விக்டோரியா மேலவையா, நியூ சவுத் வேல்ஸ் மேலவையா?

20ஆம் நூற்றாண்டின் தொடக்க கால ஆஸ்திரேலிய மாநில மேலவைகளில் எதைப் படிப்பது என்று குழம்புவோருக்கு:

உறுப்பினர்: விக்டோரியாவில் 1904 முதல் 17 மாகாணங்கள் (மேலவைத் தொகுதிகளின் பெயர்), தலா இருவர், தேர்தல் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் ஆளுநர் நியமனம்தான்.

பதவிக்காலம்: விக்டோரியாவில் 6 ஆண்டு, நியூ சவுத் வேல்ஸில் ஆயுள் முழுக்க.

வாக்கு: விக்டோரியாவில் 1950 வரை வாக்களிக்கச் சொத்துத் தகுதி வேண்டியிருந்தது. பல இடங்களில் போட்டியே இராது. எனவே மொத்த வாக்கு விகிதத்தை நம்பினால் ஏமாறுவீர்கள்.

அரசு மோதினால்: விக்டோரியா மேலவை அசையாது. நியூ சவுத் வேல்ஸில் ஆள் சேர்த்து வெல்லப் பார்க்கலாம். அம்மாநில முதல்வர் ஜாக் லாங் 25 பேரை நுழைத்தார். 1926இல் மேலவை ஒழிப்பு மசோதா அப்படியும் தோற்றது. நியமித்த ஆட்களில் சிலரே காலை வாரிவிட்டார்கள்!

வாக்குரிமை வரலாறு தேடினால் விக்டோரியா. நியமன அரசியல் என்றால் நியூ சவுத் வேல்ஸ்.