கூடாவா, ஓபன்எம்பியா, கொக்கோஸா? எக்ஸாஸ்கேல் கணினிக்கு நிரல் எழுதும் வழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறைக்குள் நன்னீர் ஒரு வில்லையைப் போல உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதற்கு இதுவே காரணம். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. தோட்ட இறைப்புக் கூடக்கூட, மழை குறையக் குறைய, இந்த எல்லை எந்த ஊரில் எவ்வளவு மேலேறும் என்பதைக் கணிக்கும் நிரல் ஒன்றை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து நானும் இரண்டு நண்பர்களும் எழுதி வருகிறோம். அந்த நிரலை நாளை வெளிநாட்டிலுள்ள மீத்திறன் கணினி ஒன்றில் ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தால், இன்று எந்த வழியில் எழுதியிருப்பது நல்லது என்று எங்களுக்குள் நடந்த நீண்ட விவாதமே இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை. கூடா, ஓபன்எம்பி, கொக்கோஸ் முதலியவை அப்படி எழுதுவதற்கான வழிகள்.

முதலில் பொறிகளின் நிலவரத்தைப் பார்க்க வேண்டும். வினாடிக்கு 1க்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் கணக்குச் செய்யும் பொறியே எக்ஸாஸ்கேல் கணினி எனப்படுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்திலுள்ள ஃபிரண்டியர் 2022 மே மாதத்திலும், ஆர்கோன் ஆய்வுகூடத்தின் அரோரா 2024 மே மாதத்திலும் இந்த எல்லையைத் தாண்டின. லிவர்மோரின் எல் கேப்பிட்டன் 2024 நவம்பரில் உலகின் அதிவேகக் கணினிகளின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. இவற்றுள் ஃபிரண்டியரிலும் எல் கேப்பிட்டனிலும் இருப்பவை ஏஎம்டியின் ஜிபியுக்கள் (ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் சில்லுகள்), அரோராவில் இருப்பவை இன்டெலின் ஜிபியுக்கள். ஜெர்மனியின் ஜூப்பிட்டரோ என்விடியாவின் சில்லுகளால் ஆனது. ஆகவே ஒரே நிரலை மூன்று கம்பனிகளின் பொறிகள் மூன்று விதமாகக் கேட்கின்றன.

இதைவிட முக்கியமானது பொறிகளின் ஆயுள். ஓக் ரிட்ஜில் 2012இல் டைட்டன், 2018இல் சம்மிட் என இரண்டு தலைமுறைகள் என்விடியாவின் ஜிபியுக்களோடு வந்தன. அடுத்து வந்த ஃபிரண்டியர் ஏஎம்டிக்கு மாறியது, சம்மிட் 2024இல் நிறுத்தப்பட்டது. அரோராவின் கதை இன்னும் கடினமானது. அது முதலில் 2018இல் இன்டெலின் ஸியான் ஃபை வகைச் சில்லுகளோடு வரவேண்டியிருந்தது. அந்தச் சில்லுத் திட்டமே கைவிடப்பட்டதால், அதை நம்பி அதன் நுணுக்கங்களுக்கென்றே நிரலைச் செதுக்கி வைத்தவர்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று. மறுபக்கத்தில், அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் மோட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் நிரல் 1984இல் வெளிவந்து, பலமுறை மாற்றி எழுதப்பட்டு, இன்றும் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் உயிரோடிருக்கிறது. பொறி ஆறேழு ஆண்டுகளில் பழையதாகிவிடும், நிரல் நாற்பது ஆண்டுகள் வாழும் என்றால், எந்த வழி அதிவேகமானது என்ற கேள்வியை நான் இரண்டாம் இடத்திலேயே வைப்பேன். எந்த வழியில் எழுதினால் அடுத்த பொறிக்குப் போகும்போது குறைவாகத் திருத்த வேண்டியிருக்கும் என்பதே முதற்கேள்வி.

இந்த அளவுகோலில் கூடா சறுக்குகிறது. (இந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போது அது ஒரு தடைச்சொல்லாக ஒலிப்பது தற்செயல்தான்.) 2007இல் என்விடியா வெளியிட்ட இந்த வழிக்குப் பாடங்களும் நூலகங்களும் திருத்தக் கருவிகளும் ஏராளம், ஒரு மாணவன் ஜிபியு என்பது எப்படிச் சிந்திக்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஏஎம்டியும் ஹிப் என்ற பெயரில் ஏறக்குறைய இதே சொற்களஞ்சியத்தைத் தந்து, கூடா நிரலைத் தானாகவே மாற்றித்தரும் கருவியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. கருவி சொற்களை மாற்றும். சொற்களுக்குப் பின்னால் நிரலாளர் வைத்திருந்த அனுமானங்களை மாற்றாது.

நாங்கள் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். என்விடியாவில் 32 இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் சிறு கணக்கோட்டங்கள்) ஒரு கூட்டமாக நகரும். ஃபிரண்டியரில் உள்ள வகை ஏஎம்டி ஜிபியுவில் அந்தக் கூட்டம் 64. எங்கள் நிரலில் எச்சப்பிழையை, அதாவது தீர்வு இன்னும் எவ்வளவு தவறியிருக்கிறது என்ற அளவை, கூட்டும் பகுதி, கூட்டத்தின் தலைமை இழை எது என்பதைப் பொறியிடமே கேட்டு அறிந்தது. ஆனால் கூட்டும் சுற்றை மட்டும் 32இன் பாதியான 16இலிருந்து தொடங்கும்படி நான் கையால் எழுதி வைத்திருந்தேன். மாற்றுக் கருவி அந்த 16ஐத் தொடவில்லை, தொட அதற்குக் காரணமும் இல்லை. ஏஎம்டி அட்டையில் ஓட்டியபோது ஒவ்வொரு கூட்டத்திலும் பாதி இழைகளின் பங்கு கணக்கிலிருந்து விழுந்துபோயிற்று. எச்சப்பிழை உண்மையைவிடச் சிறிதாகத் தெரிந்ததால், தீர்வு கிட்டிவிட்டது என்று நிரல் முன்கூட்டியே நின்றுவிட்டது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, நிரல் விழவும் இல்லை. உவர்நீர் எல்லை மட்டும் நம்பமுடியாத அளவுக்கு ஆழத்தில் அமைதியாகக் கிடந்தது. அந்த 16ஐக் கண்டுபிடிக்க ஒன்பது நாட்கள் பிடித்தன.

ஓபன்எம்பி இதற்கு நேர் எதிரான குணமுடையது. இருக்கும் சுற்றின் தலையில் ஒரு குறிப்பு வரியை எழுதி, இதை ஜிபியுவில் பிரித்து ஓட்டு என்று கம்பைலரிடம் (நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் மென்பொருளிடம்) சொல்லிவிடலாம். குறிப்பை விளங்கிக்கொள்ளாத கம்பைலர் அதை வெறும் பின்குறிப்பாகக் கருதிக் கடந்துபோகும், பழைய நிரல் பழையபடியே ஓடும். பல்லாயிரம் வரி ஃபோர்ட்ரான் வைத்திருப்பவருக்கு இதைத் தவிர வேறு யதார்த்தமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குறை என்னவென்றால், குறிப்பு ஒன்றாக இருந்தாலும் அதை விளங்கிக்கொள்ளும் கம்பைலர்கள் பல. ஒன்றில் நன்றாக ஓடும் சுற்று, இன்னொன்றில் அதே குறிப்போடு பல மடங்கு மெதுவாகலாம், காரணத்தைத் தேடுவது நிரலாளரின் தலையில் விழும். எந்தத் தரவு எப்போது ஜிபியுவின் நினைவகத்துக்குப் போய்வருகிறது என்பதையும் கவனமாக எழுத வேண்டும். எல் கேப்பிட்டனின் சில்லில் சிபியுவும் (வழக்கமான மையச் செயலி) ஜிபியுவும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால் அந்தச் சுமை அங்கே பெரிதும் குறைகிறது. இந்த அமைப்பு பரவினால் ஓபன்எம்பியின் மதிப்பு இன்னும் கூடும். ஜிபியுவுக்கான குறிப்பு வரிகளைப் பொறுத்தவரை ஓபன்ஏசிசி இதன் மூத்த உறவினர் போன்றது. ஏற்கெனவே அதில் எழுதியவர்கள் தொடரலாம், புதிதாக அதில் தொடங்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கொக்கோஸ் சான்டியா ஆய்வுகூடத்தில் பிறந்த சி++ நூலகம். பெயர் கிரேக்க மொழியில் தானியமணியைக் குறிக்கும். அதன் சிறப்பை விளக்க எங்கள் நிரலையே எடுத்துக்கொள்கிறேன். நிலத்தை மேலிருந்து பார்த்தால் சிறு சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே 100 அடுக்குகள் கொண்ட ஒரு தூண். சிபியுவில் ஓர் இழை ஒரு தூணை மேலிருந்து கீழ்வரை தனியாகச் செய்து முடிக்கும், ஆகவே அந்தத் தூணின் அடுக்குகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருந்தால் வேகம். ஜிபியுவில் 64 இழைகள் பக்கம்பக்கமான 64 தூண்களை எடுத்துக்கொண்டு, ஒரே கணத்தில் ஒரே அடுக்கைத் தொடும். அங்கே பக்கத்துத் தூண்களின் அதே அடுக்கு அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஒன்றுக்கு உகந்த அடுக்குமுறை மற்றதற்கு எதிரி. கூடாவில் எழுதினால் இந்த அடுக்குமுறை நிரலின் ஒவ்வொரு மூலையிலும் ஊறிவிடும். கொக்கோஸோ, எந்தப் பொறிக்கு என்று கம்பைல் செய்யும் நேரத்தில் பார்த்து, எண்களின் அணியை (அட்டவணையை) அதற்கேற்ற முறையில் அடுக்குகிறது. கணிதத்தை எழுதும் வரிகள் மாறுவதில்லை.

இது பெரிய அளவில் நடைமுறையாகவும் காட்டப்பட்டுவிட்டது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஸ்க்ரீம் என்ற வளிமண்டல நிரல் ஃபோர்ட்ரானிலிருந்து சி++க்கும் கொக்கோஸுக்கும் புதிதாக எழுதப்பட்டு, ஃபிரண்டியரில் உலகம் முழுவதையும் 3.25 கிலோமீற்றர் கட்டங்களில் கணித்து, 2023இல் காலநிலைக்கான கோர்டன் பெல் பரிசை, மீத்திறன் கணிப்புக்கான உயர்ந்த பரிசு ஒன்றை, பெற்றது. அந்த மறுஎழுத்துக்கு ஒரு பெரிய குழுவின் பல ஆண்டு உழைப்புத் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்குக் கொக்கோஸின் பெரிய பலன் வேறிடத்தில் இருக்கிறது. ஜிபியு இல்லாத மடிக்கணினியிலேயே முழு நிரலையும் கம்பைல் செய்து சோதிக்கலாம். பல்லாயிரம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள பொறியில் கிடைக்கும் சில மணித்தியாலங்களைத் தட்டச்சுப் பிழைகளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. விலை, பிழைச்செய்திகள். ஒரு சிறு தவறு நேர்ந்தாலே பக்கம் பக்கமாக வரும் செய்தியைப் படிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

சிக்கிள் இதே நோக்கத்தோடு ஒரு பொதுத் தரமாக வந்தது. அரோராவில் அதுவே முதன்மை வழி. குரோமாக்ஸ் என்ற மூலக்கூற்று நிரல் என்விடியாவுக்குக் கூடாவையும் இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் சிக்கிளையும் வைத்திருக்கிறது என்பதிலிருந்தே, அது வலுவானது என்றும், ஆனாலும் ஒரே வழியாக இன்னும் ஆகிவிடவில்லை என்றும் தெரிகிறது. ஜூலியா என்ற நிரல்மொழி எழுதவும் படிக்கவும் இனிமையானது, நாங்கள் சமன்பாடுகளைச் சோதித்துப் பார்ப்பதற்கு அதையே பயன்படுத்துகிறோம். அதற்கு மேல் இப்போதைக்கு இல்லை.

இந்த வழிகளில் எதுவும் தானாகச் செய்துதராத வேலை ஒன்று உண்டு, இடைநிலைச் சேமிப்பு. 2022இல் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், பாதியில் நின்ற கணக்கைத் தொடர்வதற்காக அதை எழுதினோம். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்கள் (ஒன்றோடொன்று இணைந்த தனிக் கணினிகள்) கொண்ட ஃபிரண்டியரிலும் ஏதாவது ஒரு கணு பழுதாவது வழமையான நிகழ்வு என்பதால், அந்தப் பகுதி அப்படியே அங்கும் தேவை.

எங்கள் முடிவு கலப்பானது. சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும் வேலையைப் பெட்சி நூலகத்திடம் விட்டுவிட்டோம். அதற்கே கொக்கோஸ் வழியாக ஜிபியுவில் ஓடத் தெரியும். எங்களுடைய பௌதிகத்தைக் கொக்கோஸில் எழுதுகிறோம். கிணற்று அளவீடுகளைச் சீர்செய்யும் பழைய ஃபோர்ட்ரான் பகுதி ஓபன்எம்பியோடு இருக்கட்டும். குடாநாட்டை ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர் என்று கொண்டு, 10 மீற்றர் சதுரங்களும் 100 அடுக்குகளும் வைத்தால் 100 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு ஐந்து எண்கள் என்றால் 40 ஜிகாபைட். உண்மையைச் சொன்னால் இது ஃபிரண்டியரின் ஒரேயொரு ஜிபியு அட்டைக்குள் அடங்கிவிடும். பெரிய பொறி தேவைப்படுவது, மழையையும் இறைப்பையும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை இதே கணக்கை ஓட்டும்போதுதான்.

இன்னும் தீராமல் இருப்பது எண்ணின் அகலம் பற்றிய விவாதம். புதிய சில்லுகள் செயற்கை நுண்ணறிவுக்காகக் குறைந்த பிட் கணக்கிலேயே வேகத்தைக் கூட்டுகின்றன, 64 பிட் கணக்கு அதே வேகத்தில் வளர்வதில்லை. 32 பிட் எண் ஏறக்குறைய ஏழு இலக்கங்களையே தாங்கும். நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு நாற்பதில் ஒரு பங்குதான், அதிலிருந்து பிறக்கும் சிறிய விசைகளைப் பெரிய அழுத்தங்களின் கழித்தலாகவே நாங்கள் கணிக்கிறோம். ஆகவே தீர்வுக்கு உதவும் முன்கணக்கை மட்டும் 32 பிட்டில் வைத்து, எச்சப்பிழையை 64 பிட்டிலேயே கூட்டுகிறோம். எண்ணின் வகை நிரலில் ஒரேயொரு வரியில் மட்டும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த 16ஐத் தேடிய ஒன்பது நாட்களுக்குப் பிறகு எழுதிய வரி அது.