மேட்டுப்பாளையத்தில் வாடகை சைக்கிள்: கியர் சூப்பர், பிரேக்தான் இடிக்கிறது

ஜனவரிக் குளிரில் கோத்தகிரி வழியாக ஊட்டி ஏறி, குன்னூர் பாதையில் இறங்குவதாகத் திட்டம். மேட்டுப்பாளையத்திலேயே ஒரு கடையில் டூரிங் சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன்.

கியருக்காகவே இந்த வண்டியை எடுக்கலாம். முன்னால் 30 பல், பின்னால் 34 பல். பெடல் ஒரு சுற்று முடிந்தாலும் பின்சக்கரம் முழுச் சுற்று சுற்றாது. அதனால் குஞ்சப்பனை ஏற்றத்தில் மூச்சு வாங்கியதே தவிர, இறங்கித் தள்ளவில்லை. "பெரிய பல்லு இருக்கேன்னு மொதல்லயே மாத்திராதீங்க தம்பி, மேல போனாத்தான் அது வேணும்" என்று கடைக்கார அண்ணன் சொன்னது சரியாக இருந்தது.

கேரியர் உறுதி. சீட் பரவாயில்லை.

கடையில் தந்த கையுறையோ பாதி விரல்தான். 2,240 மீட்டர் உயரத்தில், காலையில் புல்மேல் உறைபனி கிடக்கும் ஊட்டிக்கு அது எந்த மூலைக்கு? அங்கே வாங்கிய கம்பளிக் கையுறை பிரேக் லீவரில் வழுக்கியது, அது வேறு கதை.

குன்னூரிலிருந்து இறக்கம் சுமார் 1,500 மீட்டர். டிஸ்க் பிரேக்தான், ஆனால் கேபிளில் இயங்குவது. பேட் தேயத் தேய லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது. பர்லியாரில் நிறுத்தி, கேபிள் திருகை முறுக்கிய பிறகுதான் பிடித்தது. அவ்வளவு தேய்ந்த பேடோடு மலைக்கு வண்டி விடலாமா?

வாடகை நியாயம்தான். எடுப்பதற்கு முன் பின் பிரேக் பேடைக் காட்டச் சொல்லுங்கள். அண்ணன் கடையில் இருக்கும் நேரமாகப் போங்கள், உதவிக்கு நிற்கும் பையன் "எல்லாம் புதுசுண்ணா" என்றே சொல்வான்.