பழைய ஆர்-22 ஏசிக்கு எந்த கம்ப்ரசர்?

ஆர்-22 கேஸில் ஓடும் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியில் கம்ப்ரசர் போய்விட்டது. அதே ஆர்-22 கம்ப்ரசரே போடுவதா, கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று ஆர்-410ஏ என்ற வேறு கேஸுக்கான கம்ப்ரசரை மாட்டுவதா?

இரண்டாவது வழியில் மாற்ற வேண்டியது கம்ப்ரசர் மட்டுமில்லை. ஆர்-410ஏ அழுத்தம் ஆர்-22ஐவிடச் சுமார் 60 சதவீதம் அதிகம். பழைய காயில்கள் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்கள்) அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கேபிலரி (கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய குழாய்) அளவும் பொருந்தாது. எண்ணெயும் வேறு: ஆர்-22க்கு மினரல் ஆயில், ஆர்-410ஏக்கு பிஓஈ என்ற செயற்கை எண்ணெய். பழைய எண்ணெய் குழாயில் தங்கினால் இரண்டும் சரியாகக் கலக்காது. கடைசியில், காயில் உட்படப் பாதி ஏசியை மாற்றிய கணக்காகிவிடும்.

ஆர்-22 கம்ப்ரசர் என்றால் வேலை குறைவு. 18,000 பிடியு (அதாவது ஒன்றரை டன்) திறன் பொருந்துகிறதா, லேபிளில் சொன்ன மைக்ரோஃபாரட் அளவில், மோட்டார் ஓட உதவும் ரன் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். (பழைய கெப்பாசிட்டரையே திரும்ப மாட்டும் மெக்கானிக்குகள் உண்டு, விடாதீர்கள்.) ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரையும் மாற்றி, வேக்குவம் போட்டு (குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து கேஸ் ஏற்றச் சொல்லுங்கள்.

ஆர்-22 ஓசோனைக் கெடுக்கும் கேஸ், படிப்படியாக நிறுத்தப்படுகிறது. ஆகவே காயில் அரித்துப்போன ஏசி என்றால் நான் இரண்டையும் செய்ய மாட்டேன், புதிதே வாங்குவேன்.