டிக் ஃபீவர்னு பேரு ஒண்ணுதான், கிருமி வேற வேற: எர்லிக்கியாவா, அனாபிளாஸ்மாவா, பேபீசியாவா?

சென்னைல நாய் வளக்குறவங்ககிட்ட டிக் ஃபீவர்னா யாருக்கும் விளக்கவே வேணாம். ரெண்டு நாளா சாப்பாட்ட மோந்துகூட பாக்கல, உடம்பு கொதிக்குது, பிளட் டெஸ்ட்ல பிளேட்லெட் இறங்கியிருக்கு, உடனே அந்தப் பேருதான் வரும். ஆனா அது ஒரு நோயோட பேரு இல்லைங்க, உண்ணி கடிச்சு வர்ற நாலஞ்சு நோய்க்கும் சேத்து சொல்ற பொதுப்பேரு. கிருமிக்கு கிருமி மருந்து மாறுது, அதனால "டிக் ஃபீவர்தான்"னு சொன்னதும் கிளம்பிடாம எந்தக் கிருமின்னு கேட்டுட்டு வாங்க.

முதல்ல எர்லிக்கியா. இது பாக்டீரியா, ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் நினைவா வெச்ச பேரு. நாய்க்கு வர்றது எர்லிக்கியா கேனிஸ், 1935ல அல்ஜீரியாவுல கண்டுபிடிச்சப்போ ரிக்கெட்சியா கேனிஸ்னுதான் எழுதினாங்க, அதான் இன்னிக்கும் சிலர் ரெண்டு பேரையும் கலந்து பேசுறாங்க. வியட்நாம் போர்ல அமெரிக்க ராணுவ நாய்ங்க நூத்துக்கணக்குல செத்தப்போதான் இதோட கொடூரம் உலகத்துக்கே தெரிஞ்சுது. ரத்தத்துல இருக்கற மோனோசைட்ங்கற வெள்ளை அணுக்குள்ள புகுந்து உக்காந்து பெருகும், மைக்ராஸ்கோப்ல பாத்தா அந்த அணுக்குள்ள ஊதா கலர்ல மல்பெரி பழம் மாதிரி ஒரு கொத்து தெரியும், அதத்தான் மோருலாங்கறாங்க. இதுல பயமே என்னன்னா, காய்ச்சல் தானா விட்டு நாய் நல்லா ஓடியாடிட்டு இருக்கும், கிருமி மட்டும் மாசக்கணக்குல உள்ளயே இருக்கும், அப்புறம் சில நாய்க்கு எலும்பு மஜ்ஜையே வேலை செய்யாம போயி மூக்குல ரத்தம் வந்து நிக்கும். ஜெர்மன் ஷெப்பர்ட் வெச்சிருக்கறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், அந்த ஜாதிக்கு இது ரொம்ப கடுமையா வரும்.

அனாபிளாஸ்மா கிட்டத்தட்ட எர்லிக்கியாவோட பங்காளி. நம்ம ஊர் வெயில்ல நாய்க்கு வர்ற அனாபிளாஸ்மா பிளாட்டிஸ் நேரா பிளேட்லெட்டுக்குள்ளயே புகும், அதுவும் ரொம்ப நாளா எர்லிக்கியா பேர்லதான் இருந்துச்சு, 2001லதான் மாத்தினாங்க. மருந்தும் எர்லிக்கியாவுக்கு குடுக்கற அதே டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக்தான், அதனால இந்த ரெண்டுக்கும் நடுவுல குழப்பம் வந்தாலும் பெரிய நஷ்டம் இல்ல.

நஷ்டம் பேபீசியாவுலதான். இது பாக்டீரியாவே கிடையாது, மலேரியா கிருமி மாதிரி ஒரு புரோட்டோசோவா, சிவப்பணுவுக்குள்ள போயி அத உடைக்கும். ஈறு வெளுத்துப் போகும், மூத்திரம் காபி கலர்ல வரும். இதுலயும் பிளேட்லெட் குறையும்ங்கறதால பிளேட்லெட் நம்பர மட்டும் பாத்து எர்லிக்கியான்னு முடிவு பண்ணிடுறாங்க, ஆனா டாக்ஸிசைக்ளின் மட்டும் குடுத்தா பேபீசியா போகாது. பேபீசியாவுலயே ரெண்டு ரகம் இருக்கு, பெரிய ரகத்துக்கு இமிடோகார்ப் ஊசி நல்லா கேக்கும், கிப்சோனிங்கற சின்ன ரகத்துக்கு அது சரியா கேக்காது, அட்டோவாகோன் கூட அசித்ரோமைசின் சேத்து குடுக்குறாங்க. அந்த கிப்சோனி முதல்ல பதிவானதே நம்ம மெட்ராஸ்லதான்! 1910ல பேட்டன்ங்கறவர் மெட்ராஸ் ஹண்ட்ங்கற வேட்டைக் குழுவோட நாய்ங்க ரத்தத்துல பாத்து எழுதினாரு, அப்புறம் நரி ரத்தத்துலயும் இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல நம்ம ஊர்லயே இருக்கற கிருமி, அத பொதுப்பேர்ல கரைச்சு விடறது எனக்கு மனசு ஒப்பல.

சரி, எத வெச்சு பிரிக்கறது? ஸ்மியர்னா ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடில தடவி மைக்ராஸ்கோப்ல பாக்கறது, விலை கம்மி, அன்னிக்கே ரிசல்ட் வரும், கிருமி கண்ல பட்டா அதுக்கு மேல சாட்சி வேணாம், ஆனா எர்லிக்கியா ஸ்மியர்ல சிக்கறது ரொம்ப அபூர்வம், அதனால "ஸ்மியர் நெகட்டிவ்"னு நிம்மதியா இருந்துடாதீங்க. கிளினிக்லயே போடற ரேபிட் கிட்ல நிறைய, கிருமிய தேடாது, கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கின ஆன்டிபாடியத்தான் தேடும், அதனால நோய் வந்த புதுசுல நெகட்டிவ் காட்டும், குணமாகி பல மாசம் ஆனாலும் பாசிட்டிவ் காட்டும். போன வருஷம் டிக் ஃபீவர் வந்த நாய்க்கு இந்த வருஷம் கிட் பாசிட்டிவ்னு வந்தா அது பழசா புதுசான்னு கிட்ல விழற கோட்ட வெச்சு சொல்லவே முடியாது. பிசிஆர் கிருமியோட டிஎன்ஏவையே தேடும், எந்த இனம்னு பேரோட சொல்லும், காசும் நாளும் கூட ஆகும். என்னக் கேட்டா, நாய் ரொம்ப மோசமா இருந்தாலோ மருந்து ஆரம்பிச்சும் தேறலன்னாலோ பிசிஆர் எடுக்கத் தயங்கவே கூடாது, ரத்தத்த மருந்து போடறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சா இன்னும் நல்லது. வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியோ பக்கத்து கிளினிக்கோ, எங்க காட்டினாலும் ரிப்போர்ட்ட கைல வாங்கி வெச்சுக்கோங்க.

டாக்ஸிசைக்ளின் எர்லிக்கியாவுக்கு பொதுவா 28 நாள். நாலாவது நாளே நாய் வாலாட்டும், அதுக்காக நிறுத்திடாதீங்க. நம்மாளுங்க மாத்திரைய தயிர் சாதத்துல பொதிஞ்சு குடுப்பாங்க, அது வேணாம், பால் தயிர்ல மருந்து உடம்புல சேர்றது குறையும். சிக்கன் சாதத்துல வெச்சு குடுத்துட்டு மேல தண்ணி குடிக்க வைங்க, வறட்டு மாத்திரை தொண்டைக்குழாய்ல ஒட்டினா புண்ணாயிடும்.

அடுத்து வீட்ல கேக்கற கேள்வி, நமக்கு ஒட்டுமாங்கறது. எர்லிக்கியா கேனிஸ் மனுஷனுக்கு வர்றது ரொம்ப அபூர்வம், நாய தொட்டா ஒட்டாது. ஆனா நாய்க்கு எர்லிக்கியாவ பரப்புற அதே பழுப்பு உண்ணி நம்மள கடிச்சா ரிக்கெட்சியா கொனோரைங்கற வேற பாக்டீரியா வரலாம், காய்ச்சலோட உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் தடிப்பு வரும். மழைக்காலத்துல நம்ம ஆஸ்பத்திரிங்கள்ல அடிக்கடி கேக்கற ஸ்க்ரப் டைஃபஸ் இன்னொண்ணு, அது ஓரியன்ஷியாங்கற பாக்டீரியா, உண்ணி இல்ல, புதர்ல இருக்கற கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடிச்சு வர்றது, கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்டாப்ல கருப்பா ஒரு பொருக்கு பல பேருக்கு இருக்கும், அதுவும் பெரும்பாலும் அக்குள் இடுப்புன்னு மறைவான எடத்துலதான் இருக்கும். வீட்ல யாருக்காவது விடாம காய்ச்சல் அடிச்சா வீட்ல நாய் இருக்கு, உண்ணி இருக்குன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க.